ட்ரேஸ் என்று எழுதாத சீட்டு

மலையடிவாரத்தில் தைக்கா என்னும் சூஃபி மடத்தில் இருந்த பாவாவுக்கு வயது நாற்பதுதான். அவரிடம் பாடம் கேட்க வரும் தாவூது பாய்க்கு ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷமாக ரத்தம், மூத்திரம் பார்ப்பவர். வியாழக்கிழமை தவறாத மனுஷன், மூன்று வாரமாக ஆளைக் காணோம். வந்தபோது பாதி ஆளாகியிருந்தார்.

“பாவா, எங்க லேபுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை உண்டு. ட்ரேஸ்.”

“அப்படின்னா?”

“இருக்கு, ஆனா அளவு சொல்ற அளவுக்கு இல்லன்னு அர்த்தம். பிள்ளைத்தாச்சி மூத்திரத்துல ஒரு குச்சிய முக்குவோம். குச்சி நுனி மஞ்சள் மாறலைன்னா உப்பு, அதான் புரதம், இல்ல. பச்சை அடிச்சா இருக்கு. மஞ்சளா பச்சையான்னு நமக்கே சந்தேகம் வந்தா, அதான் ட்ரேஸ்.”

“அப்படியே எழுதுவீங்களா?”

“எழுதுனா டாக்டர் சத்தம் போடுவாரு. ‘இதையெல்லாம் போட்டு ஏன்யா பொம்பளைங்களப் பயமுறுத்துற?’ம்பாரு. அதனால ‘இல்லை’ன்னு போட்டுருவோம். எல்லாரும் அப்படித்தான்.”

பாவா தண்ணீர் கொடுத்தார். பாய் பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு குடித்தார்.

“போன மாசம் செவ்வந்தின்னு ஒரு பொண்ணு. ஏழு மாசம். அவ குச்சியும் அப்படித்தான் இருந்துச்சு. வழக்கம்போல ‘இல்லை’ன்னு போட்டேன். பன்னிரண்டாம் நாள், அந்த உப்பு கூடுனவங்களுக்கு வர்ற ஜன்னி கண்டு தூக்கிட்டு வந்தாங்க. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அன்னிக்கே சொன்னேன். ‘நீ ட்ரேஸ்னு போட்டிருந்தாலும் நான் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். உன் மேல தப்பே இல்ல, வேலையப் பாரு’ன்னுட்டாரு. பொஞ்சாதியும் அதையேதான் சொல்லுதா. நீங்களும் ஒரு வார்த்தை அப்படிச் சொல்லிட்டா நான் நிம்மதியாப் போயிருவேன், பாவா.”

பாவா அதை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

“அந்தப் பொண்ணோட புருஷன் எப்படி இருக்கான்?”

தாவூது பாய் தலை குனிந்துகொண்டார்.

“சுடலைமணியா? தினமும் லேபு வாசல்ல வந்து நிக்கான். போறவன் வர்றவன் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘ஆசையா கருவாடு கேட்டா, நான்தான் வாங்கிக் குடுத்தேன். உப்பு ஏறிச் செத்துட்டா. நானே கொன்னுட்டேன்’னு ஏங்கி ஏங்கி அழுகான். கருவாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, பாவா. அது வேற உப்பு.”

“அத அவன்கிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்ல? வாயத் திறந்தா மத்ததும் வந்துருமே.”

பாவாவின் கண் கலங்கிவிட்டது.

“பாய், உங்க பங்கு அந்த ட்ரேஸ் அளவுதான், அதுக்கு மேல இல்ல. ஆனா இன்னிக்கு அதையும் சேர்த்து அவன்தான சுமக்கான். போய் உண்மையச் சொல்லி, உங்க பங்க வாங்கிக்கிடுங்க.”