தொண்ணூற்றேழு காலிப் பக்கங்கள்

இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. சொன்ன மருதாசலம் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும், கம்ப்யூட்டர்கள் இருக்கும் ஓர் அலுவலகத்தில் ஒருவர் தெரிந்தே ஒரு தொட்டித் தண்ணீரைத் தரையில் ஓடவிடுவாரா என்று முதலில் சந்தேகம் வந்தது. பிறகு, தன் தவறைச் சொல்லும் ஒரு மனிதர் இவ்வளவு நிறைவான முகத்தோடு அதைச் சொல்ல முடியுமா என்று வந்தது. இரண்டாவது சந்தேகம் அவரைப் பற்றியதா என்னைப் பற்றியதா என்று தெரியவில்லை. கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

மருதாசலம் இருபத்திரண்டு வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில், கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். மூன்று மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அவர் இன்னும் யாரிடமும் "வேலை கிடைத்துவிட்டது" என்று சொல்லவில்லை. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்றுதான் சொல்லியிருந்தார்.

பால் குளிரூட்டும் நிலையங்களில் தொட்டி, பம்பு, வால்வு ஆகியவற்றை இயக்கும் மென்பொருளை அங்கே எழுதினார்கள். மருதாசலத்துக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"நான் உங்கள சார்னுதான் கூப்பிடுவேன்" என்றார் ஜெசிந்தா, முதல் நாளே. "வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கம்மா திட்டுவாங்க."

"அப்ப நான் உங்கள மேடம்ங்கறேனுங்க."

"சரி, ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

வேலை இதுதான். நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே, அது என்ன செய்யும் என்று நாலு வரி விளக்கம் எழுத வேண்டும். ஒரு மென்பொருள் அந்த விளக்கங்களைப் பொறுக்கியெடுத்து, கட்டளைக்கு ஒரு பக்கமாகக் கையேடு தயாரித்துவிடும். அந்த மென்பொருளுக்குத் தெரியாத வேலைகளைச் செய்ய, நாமே சின்னதாக எழுதி அதோடு இணைப்பதற்குப் பெயர் ப்ளகின். மருதாசலம் ப்ளகின் எழுதக் கற்றுக்கொண்டார்.

முதல் ப்ளகினை எழுதி, ஒரு காலை முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தா எட்டிப் பார்த்தார்.

"எழுதிட்டீங்க. ஆனா அமைப்புக் கோப்புல இதோட பேரைச் சேர்க்கலையே சார். அட்டெண்டன்ஸ்ல பேர் இல்லாதவன எப்படிக் கூப்பிடும்?"

பெயரைச் சேர்த்தார். இப்போது கையேட்டின் பாதிப் பக்கங்கள் காணாமல் போயின.

"ஒவ்வொரு பக்கத்தையும் அது உங்க ப்ளகின் கையில குடுக்கும்" என்றார் ஜெசிந்தா. "சேர்க்க ஏதாவது இருந்தா சேர்த்துக் குடுங்க. இல்லேன்னா வாங்குனபடியே திருப்பிக் குடுக்கணும். நீங்க கையிலயே வெச்சுக்கிட்டீங்க."

"சும்மா திருப்பிக் குடுக்கறதுக்கு எதுக்குங்க வாங்கோணும்?"

"அதுவும் வேலைதான் சார்."

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரத்தில் அவரிடம் கையேட்டை ஒப்படைத்தார்கள். வெள்ளிக்கிழமை புதிய மென்பொருள் நிலையங்களுக்குப் போக வேண்டும். கையேடு இல்லாமல் போகாது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள். தொண்ணூற்றேழுக்கு விளக்கமே இல்லை. ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் கையேடு தயாராகாமல் நின்றுவிடும் என்று ஒரு விதி போடப்பட்டிருந்தது.

மருதாசலம் நிரல் எழுதும் ஏழு பேரிடமும் போனார். நவநீதன் என்பவர் தலையை நிமிர்த்தாமலே, "நாளைக்கு எழுதிடறேன் சார்" என்றார். திங்கட்கிழமையும் அதையே சொன்னார், புதன்கிழமையும் அதையே சொன்னார். மற்ற ஆறு பேரும் நவநீதனைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை மருதாசலத்துக்கு ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு கட்டளையின் பெயரிலும் அது செய்யும் வேலை இருக்கிறதே. காலிப் பக்கம் வந்தால் அந்தப் பெயரைப் பிரித்து ஒரு வாக்கியமாக்கி அங்கே வைத்துவிடும் ப்ளகின் ஒன்றை எழுதினார். வடிகால் வால்வைத் திறக்கும் கட்டளைக்கு "வடிகால் வால்வைத் திறக்கும்" என்று வந்தது. பம்பை ஓட்டும் கட்டளைக்கு "பம்பை ஓட்டும்" என்று வந்தது. ஓட்டிப் பார்த்தார். காலிப் பக்கங்கள்: பூஜ்யம்.

ஏழு பேரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். நவநீதன் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். "மூணு வருஷமா யாருக்கும் தோணல சார் இது" என்றார். மருதாசலத்துக்கு அன்று பஜ்ஜி மிகவும் ருசியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜெசிந்தா கையேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, "வாங்க சார்" என்று சோதனைத் தொட்டி இருக்கும் பக்கம் போனார். இருநூறு லிட்டர் தொட்டி, நிறையத் தண்ணீர். அங்கே குழந்தைவேலு நின்றிருந்தார். ஊர் ஊராகப் போய் நிலையங்களில் மென்பொருளைப் பொருத்துகிறவர் அவர். கையேடு அவருக்காகத்தான்.

"அண்ணா, இந்தப் பக்கத்தைப் படிச்சு இந்தக் கட்டளைய ஓட்டுங்க. வேற யாரையும் கேக்கக் கூடாது."

குழந்தைவேலு படித்தார். "வடிகால் வால்வைத் திறக்கும். அவ்வளவுதானுங்களே." வடிகால் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்தார். கட்டளையை ஓட்டினார். தண்ணீர் வந்தது. வாளி நிறைந்தது. வழிந்தது.

"எப்ப நிக்குமுங்க?" என்றார்.

ஜெசிந்தா மருதாசலத்தைப் பார்த்தார். மருதாசலம் காகிதத்தைப் பார்த்தார். அதில் மூன்று சொற்கள்தான் இருந்தன.

"பம்பு கட்டளை பத்து செகண்டுல தானா நிக்கும். அந்த மாதிரி இதுவும் நிக்கும்னு இருந்தனுங்க" என்றார் குழந்தைவேலு. தண்ணீர் அவருடைய செருப்பைத் தாண்டியது. நவநீதன் ஓடி வந்து தரையில் கிடந்த வயர்களை மேஜைமேல் தூக்கிப் போட்டார். "அது தானா மூடாதுங்க, மூடற கட்டளை தனியா குடுக்கணும்" என்று கத்தினார்.

"அத எங்கப்பா எழுதியிருக்கு?" என்றார் குழந்தைவேலு. "நான் போற ஊர்ல இது தண்ணியா இருக்காது. பாலா இருக்கும்."

தொட்டி முழுக்க வடிந்த பிறகுதான் ஜெசிந்தா பேசினார்.

"அண்ணா, இந்தப் பக்கம் காலியா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"காலியா இருந்தா கையே வெக்க மாட்டனுங்க. ஃபோன் போட்டு உங்களக் கேட்டிருப்பேன்."

மருதாசலம் ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தார். பாலிடெக்னிக்கில், விடை தெரியாமல் கேள்வியையே திருப்பி எழுதி வைக்கும் பையன்களை அவர் வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறார். விடைத்தாளைக் காலியாக விட்டவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி சொல்லிக் கொடுத்திருக்கிறார். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். மறுபக்கம் ஜெசிந்தா தள்ளினார்.

"காலியா இருந்தா நிக்கணும்னு விதி போட்டது யாருங்க மேடம்?"

"நான்தான்."

தரை காய்ந்ததும் ஜெசிந்தா தன் இடத்துக்குப் போய் அந்த விதி இருந்த ஒரு வரியை அழித்தார்.

மருதாசலம் தன் ப்ளகினை மாற்றி எழுத ஒரு மணி நேரம் ஆனது. இப்போது அது விளக்கம் எழுதவில்லை. விளக்கமுள்ள பக்கத்தை வாங்கினபடியே திருப்பிக் கொடுத்தது. காலிப் பக்கத்தைக் காலியாகவே விட்டு, அடியில் அந்தக் கட்டளையை எழுதியவரின் பெயரையும் அவருடைய எக்ஸ்டென்ஷன் நம்பரையும் மட்டும் போட்டது. தொண்ணூற்றேழு பக்கங்களில் நாற்பத்தொன்றில் நவநீதனின் பெயர் இருந்தது.

குழந்தைவேலு அந்தக் கையேட்டை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் சாய்ந்தார். முதல் காலிப் பக்கத்தைத் திறந்தார். ஃபோனை எடுத்தார்.

"தம்பி நவநீதன், நான் அடுத்த அறையிலிருந்துதான் பேசறேன். இந்தக் கட்டளை என்னப்பா செய்யும்?"

மூன்றாவது தடவை ஃபோன் அடித்தபோது நவநீதன் விளக்கங்களை எழுத ஆரம்பித்துவிட்டார். "சார், நீங்க நல்லவர்னு நெனச்சேன்" என்றார் மருதாசலத்திடம். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. நாலு மணிக்குக் கையேடு கிளம்பியது. அதில் பதினொரு பக்கம் காலியாகவே இருந்தது. அந்தப் பதினொன்றும் எழுதியவருக்கே நிச்சயமில்லாதவை.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா ஒரு படிவத்தை நீட்டினார். மருதாசலத்தை வைத்துக்கொள்வதா என்று நிர்வாகத்துக்கு அவர் எழுதி அனுப்ப வேண்டிய படிவம். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

கற்றுக்கொண்ட வேலைகள் என்ற கட்டம் நிறைந்திருந்தது. "வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். அதற்குக் கீழே "வேலையில் கண்ட குறைகள்" என்று ஒரு பெரிய கட்டம். அதில் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க மேடம், நேத்து நான் பண்ணுன வேலை இதுல வரலையே. குறை ஒண்ணுமில்லைன்னா எழுதறீங்க?"

"இல்லைன்னு எங்க எழுதியிருக்கு? நல்லாப் பாருங்க சார்."

பார்த்தார். காலிக் கட்டத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஜெசிந்தாவின் பெயரும் அவருடைய எக்ஸ்டென்ஷன் நம்பரும் இருந்தன.

மருதாசலம் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்குப் போய், வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

அவர் கதையை எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்பதை நானாகவே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். போன மாதம்தான், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, அவரிடமே கேட்டேன்.

"அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு, யாராவது ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டாங்களா?"