நியூட்ரலில் இறங்கிய கரடி

ஒரு மலைக்காட்டில் கரடி ஒன்று லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. காடு விட்டுக் காடு லோடு ஏற்றுவதுதான் அதன் பிழைப்பு. சோறு, குளியல், தூக்கம் எல்லாம் லாரியோடுதான். கூட இன்னொரு டிரைவர், ஒரு கீரி. கரடி தூங்கினால் கீரி ஓட்டும். கீரி தூங்கினால், கரடி பாட்டுப் பாடியே அதை எழுப்பிவிடும்!

லாரிக்குச் சொந்தக்காரர் யானை. ஒவ்வொரு நடையிலும் எவ்வளவு டீசல் மிச்சமாகிறதோ, அதற்கு ஈடாகத் தேன் கொடுப்பார். அதனால் டீசல் என்று சொன்னாலே கரடிக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

கோடை வந்தது. மலைமேல் இருந்த குட்டை வற்றியது. அங்கிருந்த ஆமைகளெல்லாம் கூட்டமாகக் கரடியிடம் வந்தன.

"டிரைவர் தம்பி! எங்களை அடிவாரத்து ஏரியில கொண்டுபோய் விடுப்பா. நாங்க நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ஏரியும் வத்திடும்!" என்றது கிழட்டு ஆமை.

"ஏறுங்க பெரியவரே!" என்றது கரடி.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டி கிளம்பியது. மேடெல்லாம் உறுமி உறுமி ஏறியது. உச்சியைத் தாண்டி இறக்கம் வந்ததோ இல்லையோ, கரடி கியரை நியூட்ரலில் தள்ளியது. சாவியையும் திருப்பியது. இன்ஜின் அடங்கிப்போனது.

"மாமா! என்ன பண்றீங்க? ஏறுன கியர்லதான் இறங்கணும்! கியர்ல இருந்தாத்தான் இன்ஜின் வண்டியைப் பிடிச்சுப் பிடிச்சு இறக்கும்!" என்று கத்தியது கீரி.

"சும்மா இரு மாப்ள! இறக்கத்துல வண்டி தானா உருளுது. அதுக்கு எதுக்கு டீசலைக் குடுக்கணும்? மிச்சமெல்லாம் தேன்டா, தேன்!"

"உயிர் இருந்தாத்தான் நாக்கு மாமா. நாக்கு இருந்தாத்தான் தேன்!"

கரடி காதில் வாங்கவே இல்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பின்னால் ஆமைகள் ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தன. பிறந்ததிலிருந்து அவை வேகத்தையே கண்டதில்லை!

"அடி ஆத்தீ! மரமெல்லாம் பின்னால ஓடுதே!"

"தம்பி, இன்னும் விரட்டு! முந்நூறு வயசுல இன்னிக்குத்தான் என் மூஞ்சில காத்து அடிக்குது!"

கரடிக்குக் குஷி தலைக்கேறியது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதி மிதி என்று மிதித்தது. மிதித்த மிதியில் பிரேக் சூடேறிச் சக்கரத்திலிருந்து புகை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது, பெடல் 'பொதுக்' என்று உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை!

"மாப்ள! பிரேக் பிடிக்கலடா!"

"கியரைப் போடுங்க மாமா!"

கரடி சாவியைத் திருப்பியது. இன்ஜின் உறுமியது. ஆனால் அந்த வேகத்தில் எந்தக் கியரும் விழவில்லை.

"எல்லாரும் தலையை உள்ள இழுங்க!" என்று கீரி பின்னால் பார்த்துக் கூவியது. அத்தனை ஆமையும் 'டப்' என்று ஓட்டுக்குள் போயின.

கடைசி வளைவில் கரடியும் கீரியும் சேர்ந்து ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பின. லாரி சாலையை விட்டுப் புல்வெளியில் குதித்தது. ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்குகளுக்கு அன்றுதான் இரண்டாவது கால் ஞாபகம் வந்தது. எடுத்தன ஓட்டம்!

தொபுக்கடீர்!

லாரி ஏரிக்குள் முக்கால்வாசி முங்கியது. கரடியும் கீரியும் நனைந்த பஞ்சு மூட்டைபோலக் கூரைமேல் ஏறி உட்கார்ந்தன. ஆமைகள் ஒவ்வொன்றாய் நீந்தி வெளியே வந்தன.

"ரொம்ப நல்ல டிரைவரு! வீட்டு நடு முற்றத்துலயே இறக்கி விட்டுட்டாரே!" என்றது கிழட்டு ஆமை.

சேதி கேட்டு யானை வந்தார். வடம் கட்டி லாரியைக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

"முதலாளி, இறக்கம் முழுக்க டீசலே செலவாகல!" என்று கரடி பல்லைக் காட்டியது.

யானை இன்ஜின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கெளுத்தி மீன் துள்ளி விழுந்தது.

"இன்ஜினே போச்சு. இதைச் சரிபண்ற வரைக்கும் உனக்குத் தேனும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. பிடி வடத்தை!" என்றார்.

யானை பின்னாலிருந்து தள்ள, கரடி முன்னால் வடத்தைத் தோளில் போட்டு, மூச்சிரைக்க லாரியை மலையேற்றியது. டிரைவர் சீட்டில் இருந்த கீரி தலையை வெளியே நீட்டியது.

"மாமா! மேட்டுலயும் டீசல் செலவில்லாம வண்டி ஓட்டுன ஒரே டிரைவர் நீங்கதான்!"

லாபத்துக்கு ஆசைப்பட்டுப் பிடியை விடுகிறவன், கைமுதலையும் சேர்த்தே இழப்பான்.