ரமீலா டீச்சரின் ஓட்டு

“எனக்கு ஏன் ஓட்டுப் போடல, டீச்சர்?”

வேலப்பன் கடைக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார். உட்காரக்கூட இல்லை.

ரமீலா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுத் தென்காசியில் புத்தகக் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கு அவர் இன்னும் டீச்சர்தான். வேலப்பன் அவரைவிட எட்டு வயது மூத்தவர், சிறுவர்களுக்கு ஏழு நாவல் எழுதியவர். ஆனாலும் எதை எழுதினாலும் முதலில் ரமீலாவிடம்தான் கொண்டுவருவார். டீச்சர் தலையாட்டினால்தான் அது அச்சுக்குப் போகும். அப்படி ஒரு சிஷ்யர்.

“போடலன்னு யாரு சொன்னா?”

“ஒரு ஓட்டு வித்தியாசம். அது உங்க ஓட்டுதான்னு ஊரே சொல்லுது.”

“ஊரு சரியாத்தான் சொல்லுது.”

வேலப்பனுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது.

அந்த வட்டாரத்துச் சின்னப் புத்தகக் கடைக்காரர்கள் ஒன்பது பேர் கூடி வருஷா வருஷம் ஒரு விருது கொடுப்பார்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்கிற புத்தகத்துக்கு. பேராசிரியர் கிடையாது, மதிப்புரை கிடையாது. போட்டிக்கு வந்த புத்தகங்களைக் கடை வாசல் பெஞ்சில் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சும்மா எடுத்துப் படிக்கலாம். மடிக்கலாம், கிறுக்கலாம், யாரும் வையமாட்டார்கள். ஆறு மாசம் கழித்து அந்தப் பெஞ்சுப் பிரதியைப் புரட்டிப் பார்த்துத்தான் ஓட்டு.

“போயும் போயும் ஜெனிஃபாவுக்கு! போன வருஷம்வரைக்கும் மருந்துக் கடையில பில் போட்ட பொண்ணு. முதல் புத்தகம். நான் இருபது வருஷமா எழுதுதேன்.”

“உண்மைதான்.”

“விழாவுல முன்வரிசையில உட்கார்ந்து அவளுக்குக் கை தட்டினேன், டீச்சர். இந்தக் கையை வெட்டிப் போட்டா என்னன்னு இருந்துச்சு.”

ரமீலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேலப்பன் உட்கார்ந்தார்.

“அவ சரியா எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும், போயிருதேன். இல்லேன்னா இனிமே பேனாவையே தொடமாட்டேன். சத்தியமா.”

ரமீலா அலமாரியிலிருந்து ஜெனிஃபாவின் பெஞ்சுப் பிரதியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.

வேலப்பன் திறந்தார். முகம் செத்துப்போயிற்று.

ஐந்தாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில், ‘வளவள’. பதினொன்றில், ‘எந்த அப்பா இப்படிப் பேசுவார்?’ இருபதில், ‘சகிக்கவில்லை’. அதற்குக் கீழே ஏதோ ஒரு பிள்ளை நீல மையில் கேட்டிருந்தது: ‘உங்களுக்கு என்ன வந்துச்சு?’

“இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா, சார்? ஏழு நாவலை இதே கையெழுத்துல படிச்சிருக்கேன்.”

வேலப்பன் நிமிரவில்லை.

“நீங்க சாப்பிடப் போற நேரமாப் பார்த்து வருவேன்,” என்றார். “பிள்ளைங்க இதைப் பார்த்துட்டுப் புத்தகத்தைக் கீழே வச்சிரணும்னு... சீ. அசிங்கமா இருக்கு, டீச்சர்.”

“புரட்டுங்க.”

புரட்டினார். முப்பது. முப்பத்தாறு. நாற்பத்து மூன்றாம் பக்கத்தோடு பென்சில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கடைசிவரை ஒரு கோடுகூட இல்லை.

“பாதியில விட்டுட்டீங்களா?”

“இல்ல. முழுசாப் படிச்சேன்.”

“அதுக்கப்புறம் தப்பே இல்லையோ?”

“இருந்திருக்கும்.”

“பின்னே?”

வேலப்பன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“தப்பைப் பார்க்க மறந்துட்டேன்.”

“அங்கேதான் சார் நான் ஓட்டுப் போட்டேன்,” என்றார் ரமீலா.