நாற்பது பேரைத் தின்ன பல்

அது எந்தக் காலமோ, கருங்குன்ற நாட்டைச் சிங்கமுகராயன்னு ஒரு ராஜா ஆண்டான். குஷி வந்தா பல்லக்கு கொடுப்பான், கோபம் வந்தா தலையை எடுப்பான். அப்பேர்ப்பட்ட ஆளு!

ஒருநாள் தளவாய் வீரபாகு பெரிய மண்டையோடு ஒண்ணைச் சபையில கொண்டுவந்து வச்சான். முன்னாடி சாண் நீளத்துக்கு ரெண்டு கோரைப்பல்.

"மகாராஜா! மேய்ச்சல்காட்டுல வழிப்போக்கர் நாற்பது பேரைத் தின்ன ராட்சத மிருகம். நான்தான் கொன்னேன். குட்டிங்க இன்னும் திரியுது. இடையர்களை வெளியேத்திட்டுக் காட்டை என்கிட்ட விடுங்க."

"அப்படியே ஆகட்டும்!"

வருஷ நெய் வரி செலுத்த வந்து நின்ன இடைச்சி காராயி நெய்க்குடத்தைக் கீழே வச்சா. அந்தக் காடு போனா அறுபது குடும்பமும் ஆடுகளும் எங்கே போறது?

"பொய்!"ன்னு கத்திட்டா.

ராஜா கண்ணை உருட்டினான். "நிரூபிக்கலேன்னா நாக்கை அறுத்துடுவேன்."

"அறுங்க. அதுக்கு முன்னாடி உங்க வேட்டைநாயைக் கூப்பிடுங்க."

நாய் வந்துச்சு. காராயி பயப்படாம அதோட வாயைப் பிளந்தா. "பாருங்க, கறி தின்கிற வாய். கடைவாய்ப்பல்லு கத்தியாட்டம் இருக்கு. இந்த மண்டையில அம்மியாட்டம் தட்டையா இருக்கு. புல்லு அரைக்கிற வாய் சாமி இது!" கோரைப்பல்லைப் பிடிச்சு ஒரே இழுப்பு. ஒட்டவச்ச அரக்கோட கையில வந்துடுச்சு. காட்டுப்பன்னித் தந்தம்!

சபை விழுந்து விழுந்து சிரிச்சுது. காராயி சிரிக்கலே.

"பல்லைப் பார்த்துதான் நாங்க ஆடு வாங்குவோம். இது கிழட்டுக் குதிரை, கடைவாய் வேர் வரைக்கும் தேஞ்சிருக்கு. முன்பல்லு நுனி மட்டும் சாய்வா தேஞ்சிருக்கு பாருங்க. கட்டிப்போட்டு, தீனி போடாம விட்டா மரத்தூணைக் கடிக்கும். அப்பதான் இப்படித் தேயும். இந்த நாட்டுல உங்களைத் தவிர யார்கிட்ட குதிரை இருக்கு?"

ராஜா தளவாய் பக்கம் திரும்பினான். "என் போர்க்குதிரை கேசரியா? லாயத்துல கிழடு அது ஒண்ணுதானே! அடப்பாவி! லாயத்தை உன்னை நம்பித்தானேடா விட்டேன்! சுகமா இருக்குன்னியே!"

தளவாய் ராஜா கால்ல விழுந்தான். பதவி பறிபோச்சு, ஆயுசுக்கும் லாயத்துக்குப் புல்லறுக்கணும்னு தீர்ப்பு. காடு இடையர்களுக்கேன்னு செப்பேடும் எழுதியாச்சு. ராஜா தன் கைக்காப்பைக் கழற்றிக் காராயிகிட்ட நீட்டினான்.

"காப்பு வேணாம். அவன் பட்டினி போட்டான், சரி. நீங்க லாயத்துப் பக்கம் போய் எத்தனை வருஷமாச்சு?"

வாளுக்குப் போன ராஜாவோட கை பாதியிலயே நின்னுச்சு.

"ஏழு வருஷம்"னான்.

சிம்மாசனத்தை விட்டு இறங்கி, மண்டையோட்டை ரெண்டு கையாலயும் தூக்கிகிட்டான். வாசல் வரைக்கும் போய், லாயத்துக்கு எந்தப் பக்கம்னு காவக்காரனைக் கேட்டான்.