யாழினி நாட்டின் மேல் படையெடுப்பு

மேலப்பனங்குளத்தில் மாசானம், அவன் மச்சான் தவசி, கூட்டாளி இருளப்பன் என்று மூன்று பேர் பந்தல் போடும் வேலை பார்த்தார்கள். மூவரும் நல்ல புத்திசாலிகள். இதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரும் சொன்னதில்லை.

மூவருக்கும் சேர்த்து ஒரே செல்போன். அதில் ராஜ்ஜியம் கட்டும் ஆன்லைன் விளையாட்டு. மாசானம் ராஜா, தவசி மந்திரி, இருளப்பன் தளபதி. நாட்டுக்கு மாசானத்தின் கைக்குழந்தை யாழினியின் பெயரை வைத்திருந்தார்கள். பாவம், சின்ன நாடு. ஒரு கோட்டை, கொஞ்சம் வீரர்கள், நாலைந்து மாடு. அதை ஒட்டியே வீரமார்த்தாண்டன் என்று யாரோ ஒருவனுடைய பெரிய சாம்ராஜ்ஜியம்.

ஒருநாள் காலை போன் எச்சரித்தது: 'வீரமார்த்தாண்டன் படை புறப்பட்டுவிட்டது. மாலைக்குள் வந்துவிடும். தோற்றால் உங்கள் நாட்டின் பெயர் அழிக்கப்படும்.'

"எம் பிள்ளை பேரையா அழிப்பான்?" மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழேயே இன்னொன்று: 'உங்கள் வீரர்கள் பசியோடு இருக்கிறார்கள். உணவு கொடுங்கள்.'

மாசானத்தின் மனைவி கனகவல்லி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த வெல்லக் கூழில் இரண்டு கரண்டி வாங்கி, போன் முகத்தில் பதமாகத் தடவினார்கள்.

இருளப்பன் யோசித்தான். "இனிப்பைத் தின்னா ரோஷம் எப்படிலே வரும்? கொஞ்சம் ஊறுகாயும் வச்சிருக்கலாம்."

அதற்குள் சுவரோரமாக எறும்பு வரிசை கிளம்பி, போனின் மேல் ஏறியது.

"மச்சான், படை வந்துட்டு!" தவசி கத்தினான். "எம்புட்டு ஒழுங்கா வாறானுவ பாரு! பெரிய நாட்டுக்காரன்னா சும்மாவா?"

"சண்டை வேண்டாம். கப்பம் கட்டிருவோம்" என்றான் ராஜா.

ஒரு வெல்லக்கட்டியை மரியாதையாகக் கீழே வைத்தார்கள். எறும்புகள் திரும்பிப் போய், இன்னும் பெரிய கூட்டத்தோடு வந்தன.

"கப்பம் பத்தலையாம்" என்று தளபதி விளக்கினான்.

போனைத் துடைத்துப் பார்த்தால் அடுத்த யோசனை: 'எதிரி மிக அருகில். கோட்டையை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.'

யாழினியின் தலையணையில் போனைப் படுக்க வைத்து, பந்தல் சாமான் ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்துக் கிளம்பினார்கள்.

"பள்ளத்துல விடாதலே, மதில் விரிசல் விட்டிரும்!" என்று ராஜா வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

குளத்தங்கரையில் நிறுத்திப் பார்த்தார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே வீரமார்த்தாண்டன். அடுத்த ஊர் வரைக்கும் தள்ளினார்கள். அங்கேயும் அவன்!

"விட மாட்டேங்கானே மச்சான்!"

"நாம தள்ளுவண்டி, அவன் குதிரை. விடுவானா?" என்றான் இருளப்பன், மூச்சு வாங்கியபடி.

வேறு வழியில்லாமல் வீட்டுக்கே திரும்பினார்கள். சாயங்காலம் போனுக்குள் முரசு கொட்டியது. வாள்கள் மோதின. மதில் ஒரு பக்கம் சரிந்தது. மாசானம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

திடீரென்று சத்தம் நின்றது. போன் முழுக்க ஒரே கறுப்பு.

வெகுநேரம் உற்றுப் பார்த்த தவசி மெல்லச் சொன்னான்: "உள்ள இருட்டிப் போச்சு மச்சான். இனி நம்ம பேரு எங்க எழுதியிருக்குன்னு அவனுக்குத் தெரியவா போவுது?"

"அப்போ எம் பிள்ளை பேரு தப்பிச்சிட்டு!" ராஜா மந்திரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கனகவல்லி எட்டிப் பார்த்தாள். "சார்ஜ் தீர்ந்துட்டு போல. போடட்டுமா?"

"போடாதட்டி!" மூவரும் பாய்ந்து தடுத்தார்கள். "நாமளே எதிரிக்கு விளக்குப் பிடிக்கதா?"

"ஆனா மச்சான்," என்றான் தவசி, "இடிஞ்ச மதிலை நம்ம ஆளுவ கட்டணும்லா? அவங்களுக்கு வெளிச்சம் வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். ஆலோசித்தார்கள். எதிரி நாடு இருந்த வலது பாதியைத் தவசி உள்ளங்கையால் இறுக மூடினான். இடது பாதிக்கு மட்டும் இருளப்பன் டார்ச் அடித்தான்.

மாசானம் குனிந்து, கறுத்துக் கிடந்த போனிடம் கிசுகிசுத்தான்:

"சீக்கிரம் பூசி முடிங்கப்பா, மச்சானுக்குக் கை கடுக்குது."