கீறுவதற்கு முன்

ஆய்வுக்கூடத்தில் சந்தியாகு பிப்பெட்டைச் செல் வளர்க்கும் தட்டின் மேல் கொண்டுபோனபோது பூங்கோதை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர், அதுல என்ன?"

"அழற்சியைத் தணிக்கிற கொழுப்புதான், மேடம். உடம்பே சுரக்குமே, அது."

"புண் எங்க?"

"இனிமேதான் கீறணும். முன்கூட்டியே கொடுத்து வச்சா நல்லதுன்னு..."

"போன தட்டுக்கும் இப்படித்தானா?"

"அதுக்கு முந்தினதுக்கும்."

இரண்டிலும் கீறல் மூடவில்லை. கொழுப்பே போடாத தட்டைப் போலத்தான் கிடந்தன.

சந்தியாகு நெஞ்சு மருத்துவர். ஐம்பத்தாறாவது வயதில் ஆராய்ச்சி மாணவரானார். வழிகாட்டி பூங்கோதை அவரைவிட மிக இளையவள். தட்டில் வளர்வது அவர் மனைவி ரெஜினாவின் மூச்சுக்குழாய் உட்சுவரிலிருந்து எடுத்த செல்கள். அவளுக்கு ஆஸ்துமா. இது கடைசித் தட்டு. செல் எடுக்க இன்னொரு முறை மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட அவள் சம்மதிக்க மாட்டாள். அவளுடைய செல்களை இந்தக் கொழுப்பு ஆற்றுமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வருமுன் காக்கணும்னு சொல்லியே வீடு கட்டினவன் மேடம் நான்."

"செல் உங்களுக்கு ஃபீஸ் தராது டாக்டர்."

"சரி. முன்னாடியே கொடுத்தா ஏன் வேலை செய்யல?"

பூங்கோதை கொஞ்சம் யோசித்தாள்.

"மேல் ஷெல்ஃப். நீல மூடி போட்ட டப்பா."

"என்ன அது?"

"பதில். நாளைக்கு நீங்க என்கிட்ட கேக்கப்போற கேள்விக்கு."

"கேள்வி என்னன்னே எனக்குத் தெரியாதே."

"அதனால என்ன? வாங்கி வச்சுக்குங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"செல்லும் அப்படித்தானா? காயம் பட்ட பிறகுதான் இதை வாங்கிக்கிற ஏற்பியைச் செல் நிறைய வெளிய கொண்டுவருமா?"

"அதுக்குள்ள நீங்க ஊத்தினது சிதைஞ்சு போயிருக்கும்."

அவள் பிளாஸ்டிக் முனை ஒன்றைப் பிரித்து நீட்டினாள்.

"கீறுங்க."

"நீங்களே கீறிடுங்களேன்."

"உங்க ஆராய்ச்சி."

"அவளோட செல் மேடம்."

"தெரியும்."

அவர் முனையை வாங்கிக்கொண்டார். வார்டில் எத்தனையோ நெஞ்சுகளில் ஊசி இறக்கிய கை அது. கடைசியில் ஒரே இழுப்பில் கோடு போட்டார். மைக்ராஸ்கோப்பில் அந்தக் கோடு வெறுந்தரையாகத் தெரிந்தது. இரு கரைகளிலும் செல்களின் நுண்மயிர்கள் அடித்துக்கொண்டிருந்தன.

கை மறுபடி பிப்பெட்டுக்குப் போயிற்று.

"இப்போ கொடுக்கலாமா?"

"ஏற்பி வெளிய வரட்டும்."

"அதுவரைக்கும் புண்ணு அப்படியே கிடக்குமே."

"கிடக்கும்."

"நான் என்ன பண்றது?"

"பக்கத்துல இருங்க."

சந்தியாகு தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்டூலை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.