பன்னிரண்டாவது பொட்டலம்

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் இலுப்பை மரத்தடியில் ஒரு கூட்டம் நடக்கும். நம் மண்ணில் தானாக வளரும் செடிகளை வீட்டில் வளர்ப்பது பற்றிப் பேசுவார்கள். வருகிறவர்கள் ஒரு கன்றோ விதையோ கிழங்கோ கொண்டுவந்து வைப்பார்கள். போகும்போது வேறொன்றை எடுத்துப் போவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச எழுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தன் கையால் செத்த ஒரு செடியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எப்படிச் செத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஆரோக்கியமேரி. நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் அம்பலவாணனுக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதலா என்றால், ஆமாம், கூடுதல்தான். கற்றுக்கொள்ள வருகிறவரிடம் யார் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்?

அம்பலவாணன் கைராசிக்காரர். ஆறு வருடத்தில் அவர் வைத்த எதுவும் சாகவில்லை. மற்றவர்கள் எழுந்து நின்று தலையைச் சொறிந்துகொண்டு செத்த செடி சொல்லும்போது, அவர் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

“ஐயா கட்டுன பொட்டலம்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று எல்லோரும் சொல்வார்கள். மேரி மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வைகாசி மாதக் கூட்டத்தில் முதல் முறையாக அம்பலவாணன் பேச வேண்டும். தலைப்பு வேலிச் செடிகள். சொல்வதற்குச் செத்த செடி இல்லையே என்று, ஓர் ஆவாரங்கன்றைக் கற்பனையிலேயே வளர்த்து, கற்பனையிலேயே கொன்றும் வைத்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை விழுந்தது.

காலை ஆறு மணிக்கு அவர் மணல் பானையைத் திறந்தார். மழை வரும்வரை கிழங்குகளைக் காய்ந்த மணலில் புதைத்து வைப்பது வழக்கம். அவர் ஒரே பானையில் இரண்டு வகையைப் புதைத்திருந்தார். அடியில் காந்தள், பூவுக்காக, தன் வேலியில் ஏற்றுவதற்கு ஏழு துண்டு. மேலே சிறுவள்ளி, சாப்பிடுவதற்கு. சிறுவள்ளியைப் போன கூட்டத்திலேயே பன்னிரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மணலைக் கொட்டினார். காந்தள் ஐந்து துண்டுதான் இருந்தது.

மணலைச் சலித்துப் பார்த்தார். அப்போதும் ஐந்துதான்.

காந்தள் கிழங்கு விஷம். கண்வலிக் கிழங்கு என்றால் அந்தப் பக்கத்தில் எவரும் கையை உதறுவார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது. முழுசாக இருந்தால் கலப்பை மாதிரி வளைந்திருக்கும், பார்த்ததும் தெரியும். ஒடித்துத் துண்டாக்கிவிட்டால், மண் அப்பிய சிறுவள்ளிக்கும் அதற்கும் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு அவருக்கு அவசரம்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அவரே மார்க்கரால் எழுதியிருந்தார்: ‘சிறுவள்ளி. மழை விழுந்ததும் முளைவிட்டதை நடவும். மீதியை அவித்துச் சாப்பிடவும்.’

மழை விழுந்துவிட்டது.

கைபேசியை எடுத்தார். கூட்டத்தாருக்கு வாட்ஸ்அப் குழு இருந்தது. மூன்று முறை எழுதினார், மூன்று முறையும் அழித்தார். யார் யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை. பேர் எழுதும் வழக்கமும் அங்கே கிடையாது. எழுதி வைத்தால், செடியைச் சாகவிட்டவர்கள் வெட்கப்பட்டு வராமல் போகிறார்கள் என்று மேரி பேர் நோட்டை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார். ஒருவேளை தானே தப்பாக எண்ணியிருக்கலாம். ஒருவேளை எலி தூக்கிப் போயிருக்கலாம். பயந்தவனுக்கு ஒருவேளைகள் பஞ்சமா?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேரியின் பண்ணைக்குப் போனார்.

மேரி கூட்டத்துக்குக் கொண்டுபோகும் கன்றுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கவருக்கெல்லாம் பேரு எழுதிக் குடுங்க.”

அம்பலவாணன் மார்க்கரை வாங்கினார். ‘நொச்சி’ என்று எழுதினார். எழுத்து புழுவாக நெளிந்தது. இன்னொன்று எழுதினார். அதுவும் நெளிந்தது.

மேரி எழுத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“கைக்கு என்னங்கய்யா?”

“பேசணும்ல இன்னைக்கு. அதாம்மா.”

சொல்ல வந்தது அதுவல்ல. மறுபடி வாயைத் திறந்தார். அறுபத்திரண்டு வயசு, ஆறு வருடத்துப் பேர், ‘கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்’ எல்லாம் சேர்ந்து குறுக்கே நின்றன.

“பயம் எப்பம்மா போகும்?” என்று மட்டும் கேட்டார்.

மேரி அவர் கையிலிருந்த மார்க்கரை மூடி, அவர் சட்டைப் பையிலேயே சொருகினார்.

“பேசி முடிச்சப்புறம் கேளுங்க.”

அம்பலவாணன் வீட்டுக்குத் திரும்பினார், குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டு மார்க்கரை அதன் பைக்கு மாற்றினார். கூட்டத்துக்குப் போகும் வழியில் எந்த வீட்டிலாவது அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது அதன்பாட்டுக்குத் தேடியது. ஓரிடத்தில் நான்கு பேர் கூடி நின்றதைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். பழுதான குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பத்து மணிக்கு மரத்தடியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். முதலில் டீக்கடைக் குஞ்சிதபாதம் எழுந்தார்.

“என் துளசி செத்துப்போச்சு. தெரு நாய் ஒண்ணு தெனமும் வந்து காலத் தூக்கிருச்சு.”

“நாயை விடுங்க. நீங்க எப்படிக் கொன்னீங்க?” என்றார் மேரி.

எல்லோரும் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் யோசித்தார். “தொட்டிய வாசல்ல வச்சவன் நான்தான்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

“இன்னைக்குப் பேசப்போறது ஐயா” என்றார் மேரி.

அம்பலவாணன் முன்னே போய் நின்றார். கைதட்டினார்கள்.

“நான் ஒரு ஆவாரங்கன்னு வச்சிருந்தேன்” என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையில் ராக்கம்மா என்ற பெண் ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். பழைய செய்தித்தாள். அதன்மேல் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. ‘அவித்துச் சாப்பிடவும்’ என்ற வரி மேலும் கீழும் போய்வந்தது. உள்ளே இருந்த கிழங்கைக் காணோம்.

ஆவாரங்கன்று பாதியில் நின்றுபோயிற்று. இந்த அம்மாள் இப்போது விழுவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

“ராக்கம்மா, அந்தக் கிழங்கு எங்க?”

“போன வாரமே அவிச்சுத் தின்னாச்சுங்க. மாவா இருந்துச்சு.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், பாத்தா தெரியல?”

மறுபடி சிரிப்பு. அம்பலவாணன் சிரிக்கவில்லை.

“ஆவாரங்கன்னு எதுவும் நான் வைக்கல. அது பொய்” என்றார். “போன மாசம் நான் குடுத்த பன்னெண்டு பொட்டலத்துல ரெண்டு துண்டு கண்வலிக் கிழங்கு கலந்துபோச்சு. நான்தான் கலந்தேன். யாரும் அவிச்சிராதீங்க. யார் யார் வாங்குனீங்களோ, தயவுசெஞ்சு கையத் தூக்குங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள்: “அடுப்ப அணை! மொதல்ல அணை!”

குஞ்சிதபாதம் எழுந்து வந்தார். அவரும் ஒரு பொட்டலம் வாங்கியவர். முகம் சிவந்திருந்தது.

“இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“இன்னைக்குக் காலையில.”

“காலையில எத்தன மணிக்கு?”

“ஆறு மணிக்கு.”

குஞ்சிதபாதம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை ஆகியிருந்தது. திரும்பிப் போய்த் தன் வீட்டுக்கு ஃபோன் போட்டார். திட்டியிருந்தால் அம்பலவாணன் தாங்கியிருப்பார்.

மேரி எண்ண ஆரம்பித்திருந்தார். ராக்கம்மாவோடு சேர்த்து மரத்தடியில் எட்டுப் பேர். வராதவர்களில் மூன்று பேரை ஃபோனில் பிடித்தார்கள். அதில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, “வேரே இல்லாம வழவழன்னு ஒண்ணு கெடக்கு” என்றார். அதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். மற்ற வீடுகளிலும் பிரித்துப் பார்த்தாயிற்று. எல்லாம் சிறுவள்ளி.

பதினொன்று. பன்னிரண்டாவது பொட்டலத்தையும் இன்னொரு துண்டையும் காணவில்லை.

“போன மாசம் ஒரு பொண்ணு புதுசா வந்துச்சே, கைப்பிள்ளையோட” என்றாள் ராக்கம்மா. “பர்வீன்னு பேரு. பாலத்தடித் தெருவுல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு. ஃபோன் நம்பர் தெரியாது.”

அம்பலவாணன் ஸ்கூட்டரை எடுத்தார். மேரி பின்னால் ஏறிக்கொண்டார்.

வழி நெடுகக் கைப்பிள்ளை என்ற சொல் மட்டும் அம்பலவாணனின் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவர். கம்பியில் கரண்ட் இல்லை என்று எவன் சொன்னாலும் தானே சோதிக்காமல் தொட்டதில்லை. தன் உயிருக்குப் பார்த்த அந்தப் பார்வை ஒரு கிழங்குக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

“நானும் அன்னைக்கு ஒரு பொட்டலத்தயாவது பிரிச்சுப் பாத்திருக்கணும்” என்றார் மேரி பின்னாலிருந்து.

பாலத்தடித் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு திறந்திருந்தது. கிழங்கு வேகும் வாசனை வாசலுக்கே வந்தது.

அம்பலவாணன் செருப்போடு உள்ளே ஓடினார். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. துணியைத் தேடவில்லை, இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து மண்ணில் கவிழ்த்தார்.

“யாரு நீங்க? என்ன பண்றீங்க?” பர்வீன் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

அவர் பதில் சொல்லாமல் ஆவி பறக்கும் கிழங்குகளை விரலால் புரட்டினார். சிறுவள்ளிக்கு உடம்பெல்லாம் மயிர்போல் வேர் இருக்கும். ஒன்றிலே அது இல்லை. வழவழவென்று, நுனி கூர்ந்து, மற்றவற்றோடு சேர்ந்து நன்றாக வெந்திருந்தது.

“இதுல யாரும் சாப்பிட்டீங்களாம்மா?” என்று மேரி கேட்டார்.

“இப்பத்தானே வேகுது! பிள்ளைக்கு மசிச்சுக் குடுக்கலாம்னு வச்சேன்.”

மேரி அவளை உள்ளே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். உள்ளிருந்து பர்வீன் விம்முவது கேட்டது. வெளியே வந்து அம்பலவாணனைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், அவருடைய கையைப் பார்த்துவிட்டு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஓங்கி வைத்துவிட்டுப் போனாள்.

அம்பலவாணன் வாசற்படியில் உட்கார்ந்து விரல்களைத் தண்ணீரில் வைத்திருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது. அவர் கை நின்றால்தானே தண்ணீர் நிற்கும்.

மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காலையில ஒண்ணு கேட்டேனேம்மா.”

“பேசி முடிச்சப்புறம் கேளுங்கன்னேன்.”

“பேசிட்டேன். இன்னும் போகல. இனிமே எந்தக் கிழங்கப் பாத்தாலும் போகாது போலருக்கு. பயம் எப்பம்மா போகும்?”

மேரி அவருடைய சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்துப் பார்த்தார். அதில் தெறித்திருந்த கொதிநீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பவும் பையிலேயே வைத்தார்.

“அடுத்த மாசமும் பொட்டலத்துல நீங்கதான் எழுதணும்.”

“வேணாம்மா. கை நடுங்குது.”

“தெரியுது.”

“நடுங்குற கைய நம்பி யாரு வாங்குவா?”

“ஆறு வருஷமா உங்க கை நடுங்கவே இல்லையேய்யா” என்றார் மேரி. “அப்பத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.”